மினிவானால் சிறு முகாம் ட்ரெய்லரை இழுப்பது: ஒன்ராறியோவில் தொடங்குவோருக்கு

"இந்த வான் ட்ரெய்லர் இழுக்குமா?" என்று கேட்டால், விற்பவர் தயங்காமல் "ஓம், 3,500 இறாத்தல் இழுக்கும்" என்பார். அது பொய் இல்லை. ஆனால் அம்மம்மாவும் பிள்ளைகளுமாக ஆறு பேர் ஏறி, ஐஸ்பெட்டியும் அரிசி மூட்டையும் அடுப்பும் அடுக்கிய வானுக்கு அந்த இலக்கம் பொருந்தாது. மினிவானில் முதலில் தீர்ந்துபோவது எஞ்சினின் வலு அல்ல, வான் தன் முதுகில் சுமக்கக்கூடிய எடை. இதை விளங்காமல் ட்ரெய்லரை வாங்கிவிட்டு, பின்பக்கம் தாழ்ந்து முன்விளக்கு மரத்தைப் பார்க்க நெடுஞ்சாலையில் போகிற வான்களை ஒவ்வொரு கோடையிலும் காணலாம்.

வேலையை மாசியிலேயே தொடங்குங்கள். வைகாசி பிறந்தால், ட்ரெய்லரைக் கொளுவ வானின் பின்னால் போடும் இரும்பான ஹிட்சைப் பூட்டும் கடைகளில் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் முன்பதிவு, போய்ச்சேரும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதங்களுக்கு முன், காலை 7 மணிக்குத் திறக்கும். ஆகஸ்ட் நீண்ட வார இறுதிக்கு மின்சார வசதியுள்ள இடம் வேண்டுமென்றால் மார்ச் தொடக்கத்திலேயே கணினி முன் இருக்க வேண்டும். அப்போது ட்ரெய்லரின் நீளத்தையும் கேட்பார்கள். அதனால் எந்த அளவு ட்ரெய்லர் என்பதை அதற்குமுன் முடிவுசெய்துவிடுங்கள்.

1. வானின் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

சாரதி பக்கக் கதவைத் திறந்தால், கதவு பூட்டுகிற தூணில் டயர் அழுத்தம் எழுதிய ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் "ஆட்களும் சுமையும் சேர்த்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது" என்ற பொருளில் ஒரு வரி உண்டு. ஒரே மொடல் வான்களிலும் இந்த எண் மாறும். கூரைக் கண்ணாடி, பின் இருக்கைத் திரை என்று வசதி கூடக்கூட எண் குறையும். இணையத்தில் பார்த்த எண்ணை நம்பாமல் உங்கள் கதவில் உள்ளதை எழுதி எடுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 560 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருவர் 140, பிள்ளைகள் மூவர் 130, அம்மம்மா 60. மொத்தம் 330. மீதி 230. ஹிட்ச் இரும்பும் பந்துத் தண்டும் 22 கிலோ, மீதி 208. நிறைத்த ட்ரெய்லர் 1,000 கிலோ என்றால் அதன் மூக்கு வானின் மேல் 130 கிலோ அளவு அழுத்தும், மீதி 78. அந்த 78 கிலோவுக்குள்தான் ஐஸ்பெட்டி, அடுப்பு, பானை சட்டி, ஆறு கதிரைகள், உடுப்புப் பைகள் எல்லாம் அடங்க வேண்டும். நிறைந்த ஐஸ்பெட்டி ஒன்றே 30 கிலோவைத் தொடும்.

அடுத்து வானின் கையேட்டில் ட்ரெய்லர் இழுப்பது பற்றிய பகுதியை முழுக்கப் படியுங்கள். ரொயோட்டா சியன்னா, ஹொண்டா ஒடிசி, கியா கார்னிவல் (ஹைபிரிட் அல்லாதது) மூன்றுக்கும் உச்ச வரம்பு 3,500 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 1,590 கிலோ. கிறைஸ்லர் பசிபிக்காவுக்கு இழுவைப் பொதி இருந்தால் 3,600. ஆனால் மின்செருகி உள்ள பசிபிக்கா ஹைபிரிட்டை எதையும் இழுக்க அனுமதித்திருக்கவில்லை. பெயர் ஒன்று என்பதற்காக ஏமாற வேண்டாம். ஹொண்டா போன்ற சில கையேடுகளில், வானில் ஆட்கள் கூடக்கூட இழுக்கக்கூடிய எடை எப்படிக் குறையும் என்ற அட்டவணையே உண்டு. 3,500 என்பது இருவர் மட்டும் ஏறிய வானுக்கானது.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு என் எல்லை இது: எல்லாம் ஏற்றியபின் ட்ரெய்லர் 1,100 கிலோவைத் தாண்டக்கூடாது.

2. ட்ரெய்லரின் உண்மையான எடையைக் கண்டுபிடியுங்கள்

விளம்பரத்தில் போடுவது "உலர் எடை". அதில் பற்றரி, காஸ், தண்ணீர், பல வேளைகளில் ஏசியும் வெயில் பந்தலும் சேராது. ஏசி 35 முதல் 40 கிலோ. பற்றரி 20 கிலோவுக்கு மேல். நிறைந்த 20 இறாத்தல் காஸ் சிலிண்டர் ஒன்று 17 கிலோ. 75 லீற்றர்த் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் 75 கிலோ. இவற்றோடு மெத்தைவிரிப்பு, பாத்திரம், கயிறு, குழாய் எல்லாம் சேர, விளம்பர எடையுடன் 250 முதல் 350 கிலோவைக் கூட்டிப்பாருங்கள். அப்படிப் பார்த்தால் மினிவானுக்குப் பொருந்துபவை சில வகைகள்தான்: மடித்து உயர்த்தும் கூடார ட்ரெய்லர், கண்ணீர்த்துளி வடிவச் சிறு ட்ரெய்லர், ஸ்காம்ப், போலர், ட்ரிலியம் போன்ற 13 அடிக் கண்ணாடியிழை ட்ரெய்லர்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். மணிக்கு 100 கிலோமீற்றரில், சமதரையில், எஞ்சினைத் திணறவைப்பது எடையைவிடக் காற்றுத் தடைதான். கிறைஸ்லர் வான்களின் கையேடு ட்ரெய்லரின் முகப்புப் பரப்பு 40 சதுர அடியைத் தாண்டக்கூடாது என்கிறது. எட்டடி அகலத்தில் நிமிர்ந்து நிற்கும் பெட்டி ட்ரெய்லர் எடையில் பொருந்தினாலும் இதில் தவறிவிடும். முதன்முதல் வாங்குபவர்களுக்குக் கூடார ட்ரெய்லரைச் சொல்வதற்கு இதுவே காரணம். மடித்தால் வானின் நிழலுக்குள் ஒளிந்துவிடும், கண்ணாடியில் பின்வீதியும் தெரியும்.

பழைய ட்ரெய்லர் பார்க்கப் போனால் டோர்ச் ஒன்றைக் கொண்டுபோங்கள். மரச்சட்டத்தில் கட்டியவற்றின் எமன் நீர்க்கசிவு. உள்ளே நின்று, கூரையும் சுவரும் சேரும் மூலைகள், யன்னலின் கீழ்விளிம்பு, கூரைத் துவாரத்தைச் சுற்றிய பகுதி ஆகியவற்றைப் பெருவிரலால் அழுத்துங்கள். நல்ல சுவர் எதிர்த்து நிற்கும். உளுத்த சுவர் நனைந்த பாண் போல உள்ளே போகும். புதிதாக ஒட்டிய சுவர்த்தாளையும் ஒரு பக்கத்தில் மட்டும் அடித்த புது வர்ணத்தையும் சந்தேகியுங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவது அரிது, வெயிலிலும் நிற்பிலும் வெடித்துச் சாகும். ஐந்தாறு வயதைத் தாண்டியிருந்தால், பட்டை புத்தம்புதிதாகத் தெரிந்தாலும், புது டயர்களின் விலையைக் கழித்தே பேரம் பேசுங்கள்.

3. பத்திரங்களை முடியுங்கள்

தனியாரிடம் வாங்கினால், விற்பவரின் பெயரிலுள்ள உரிமைப் பத்திரம், அதன் பின்பக்கத்தில் அவரது கையொப்பம், விலையும் திகதியும் வின் இலக்கமும் (ட்ரெய்லரின் அடையாள இலக்கம்) எழுதிய விற்பனைச் சீட்டு, உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றுடன் சேர்விஸ் ஒன்ராறியோவுக்குப் போக வேண்டும். விலையில் 13 வீத வரி அங்கே கட்டுவீர்கள். இதை மறந்து கையில் காசில்லாமல் நிற்பவர்கள் அதிகம். இலக்கத்தகட்டுக்கு ஒருமுறைதான் கட்டணம், ஆண்டுதோறும் புதுப்பிப்பு இல்லை.

எழுபதுகளில் செய்த கண்ணாடியிழை ட்ரெய்லர்கள் சில பத்திரமே இல்லாமல் விற்பனைக்கு வரும். "பதியிறது லேசு, நீங்களே செய்யலாம்" என்று சொன்னால், பதிந்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். ட்ரெய்லரில் அறைந்த தகட்டிலுள்ள வின் இலக்கமும் பத்திரத்திலுள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்த இலக்கத்தை வைத்து ட்ரெய்லரில் கடன் நிலுவை உண்டா என்று மாகாணப் பதிவேட்டில் தேடலாம், செலவு சில டொலர்கள்தான்.

காப்புறுதியில் ஒரு பொறி. இழுத்துச் செல்லும்போது ட்ரெய்லரால் பிறருக்கு நேரும் சேதத்துக்கு வானின் காப்புறுதியே பொறுப்பெடுக்கும். ட்ரெய்லருக்கு நேரும் சேதத்துக்கு அது தானாக வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். முகவருக்கு மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் பதில் எடுங்கள். வீதியுதவி உறுப்புரிமையும் அப்படித்தான். வாகனச் சங்கமான சிஏஏயின் சாதாரண உறுப்புரிமை முகாம் ட்ரெய்லரை இழுத்து வராது, பிளஸ் ஆர்வி என்ற வகை வேண்டும்.

ஜி வகைச் சாரதி அனுமதிப்பத்திரம் போதும். அது 4,600 கிலோ வரையான ட்ரெய்லருக்கு இடம்தரும்.

இன்னொன்று, வாங்குமுன் பார்க்க வேண்டியது: வீட்டு முற்றத்தில் ட்ரெய்லரை நிறுத்திவைக்கப் பல நகரசபைகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. உங்கள் நகரத்தின் விதியைப் படியுங்கள். டவுன்ஹவுஸ், கொண்டோ என்றால் நிர்வாகத்திடமும் கேளுங்கள். சேமிப்பு இடத்துக்கு மாதவாடகை கட்ட வேண்டிவந்தால் கணக்கே மாறிவிடும்.

4. ஹிட்சும் பந்தும்

இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பு ஹிட்ச் போடுங்கள். முதலாம் வகுப்பின் வரம்பு 2,000 இறாத்தல்தான். மூன்றாம் வகுப்பின் இரண்டங்குல வாய்க்குப் பந்துத் தண்டு, சைக்கிள் தாங்கி எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஹிட்சில் பெரிய எண் பொறித்திருப்பதால் வானின் வரம்பு கூடாது. வான், ஹிட்ச், தண்டு, பந்து ஆகிய நான்கில் எது சிறியதோ அதுவே உங்கள் வரம்பு. பொருள் 250 முதல் 400 டொலர், பூட்டும் கூலி 150 முதல் 250 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகச் சக்கரம் வானின் அடியில் தொங்கும் மொடல் என்றால், ஹிட்ச் பூட்டியபின் அதை இறக்கி எடுக்க முடிகிறதா என்று கடையிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

பந்தின் அளவு அதன் தலையிலும், கப்ளர் என்னும் ட்ரெய்லர் வாயிலும் பொறித்திருக்கும். சிறு ட்ரெய்லர்களில் 1⅞ அங்குலமும் இரண்டங்குலமும் புழக்கத்தில் உள்ளன. இரண்டங்குல வாய் சிறிய பந்தின் மேலும் பூட்டிக்கொள்ளும், நன்றாகப் பூட்டியது போலவே தோன்றும், முதல் பெரிய குழியில் கழன்றுவிடும். வாசித்துப் பார்க்காமல் பூட்டாதீர்கள்.

உயரத்தை இப்படி அளந்துகொள்ளுங்கள். சமதரையில் ட்ரெய்லரை நீர்மட்டம் வைத்துச் சமப்படுத்தி, தரையிலிருந்து கப்ளரின் உள் உச்சிவரை எடுங்கள். பிறகு ஆட்களும் சாமானும் ஏற்றிய வானின் ஹிட்ச் வாயின் உயரத்தை எடுங்கள். வெறும் வானில் அளந்தால் பயணத்தன்று பின்பக்கம் நாலைந்து சென்ரிமீற்றர் தாழ்ந்து, ட்ரெய்லர் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். மினிவான் தாழ்ந்த வாகனம். லொறிகளுக்கென்று விற்கும் கீழே வளைந்த தண்டு பெரும்பாலும் பொருந்தாது, நேர்த்தண்டோ மேலே வளைந்ததோ தேவைப்படும்.

பின் ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப் பைகள் வானை நிமிர்த்தும், ஆனால் சுமக்கும் வரம்பைக் கூட்டாது. எடையை முன்சக்கரத்துக்குப் பகிரும் ஹிட்ச் வகையைச் சில கையேடுகள் வேண்டாம் என்கின்றன. வாங்குமுன் உங்களுடையதைப் பாருங்கள்.

5. மின்னிணைப்பும் பிரேக்கும்

பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு நான்கு ஊசித் தட்டை இணைப்பி போதும். மின்பிரேக் உள்ளதற்கு ஏழு ஊசி வட்ட இணைப்பி வேண்டும். புதிய வான்களில் விளக்குக் கம்பியை நேரே வெட்டி இணைக்கக்கூடாது, வானின் மின்கணினி பழுதாகலாம். பற்றரியிலிருந்து தனி மின்சாரம் எடுக்கும் மாற்றிப்பெட்டி உள்ள தொகுதியையே கேளுங்கள்.

ஒன்ராறியோச் சட்டப்படி மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். "உங்கட அதைவிடக் குறைவு, தேவையில்லை" என்று விற்பவர்கள் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் மினிவான் கையேடுகள் பல 1,000 இறாத்தலுக்கு மேல், அதாவது 454 கிலோவுக்கு மேலேயே பிரேக் வேண்டும் என்கின்றன. கையேட்டைப் பின்பற்றுங்கள். ஒரு தொன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு ஹன்ஸ்வில் பக்கத்து இறக்கங்களில் வானின் பிரேக்கை மட்டும் நம்புவது ஆபத்து.

ட்ரெய்லரின் மின்பிரேக்கை வானுக்குள்ளிருந்து இயக்கும் பெட்டிதான் பிரேக் கொன்ட்ரோலர். அதில் மலிவானது நேரத்தை வைத்து இயங்கும். வான் எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ப ட்ரெய்லரைப் பிடிப்பது இரண்டாவது வகை. அதையே வாங்குங்கள். 100 முதல் 250 டொலர், கம்பி இழுக்கும் கூலி வேறு. பற்றரிக்குக் கிட்ட 30 அம்பியர் பாதுகாப்பு முறிப்பானும் 10 கேஜ் கம்பியும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு வெறுமையான தரிப்பிடத்தில் மணிக்கு 30 முதல் 40 கிலோமீற்றரில் போய், கொன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் முழுக்க அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னுக்கு நன்றாக இழுக்க வேண்டும், சக்கரம் இறுகிச் சறுக்கக்கூடாது. சறுக்கினால் அளவைக் குறையுங்கள்.

6. ஏற்றுவதும் நிறுப்பதும்

ட்ரெய்லர் பாம்பு போல ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம் மூக்கில் எடை போதாமை. மூக்கெடை மொத்தத்தில் 10 முதல் 15 வீதம் இருக்க வேண்டும், மினிவான் ஹிட்சின் வரம்பு பொதுவாக 350 இறாத்தல். பாரமானவற்றை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வையுங்கள். பின்பம்பரில் சைக்கிள் மாட்டாதீர்கள். தண்ணீர்த் தொட்டியை வீட்டில் நிரப்பாதீர்கள், முகாமிலேயே குழாய் உண்டு.

மூக்கெடையைக் குளியலறைத் தராசில் பார்க்கலாம். தடித்த பலகை ஒன்றின் ஒரு நுனியை செங்கல்லிலும், மூன்றடி தள்ளி மறுநுனியைத் தராசிலும் ஒரே உயரத்தில் தாங்கவையுங்கள். செங்கல்லிலிருந்து ஒரு அடியில், பலகையின் மேல் ட்ரெய்லரின் மூக்கைத் தாங்கும் ஜாக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்கெடை. சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டே செய்யுங்கள். முழு எடைக்கு, நெடுஞ்சாலையோர லொறி நிறுத்தங்களில் காசு கட்டி நிறுக்கும் மேடைகள் இருக்கின்றன. குடும்பத்தோடு, முழுச் சாமானோடு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.

7. பூட்டும் ஒழுங்கு

எல்லாப் பயணத்திலும் இதே வரிசை. பந்தின் மேல் கப்ளரை இறக்கிப் பூட்டுங்கள், ஊசி போடுங்கள். உடனே ஜாக்கைத் திரும்ப உயர்த்தி, வானின் பின்பக்கம் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் எழும்புகிறதா என்று பாருங்கள். வான் சேர்ந்து எழும்பினால் பூட்டு சரி. கப்ளர் மட்டும் கழன்று வந்தால், அது நெடுஞ்சாலையில் நடந்திருக்க வேண்டியது. பிறகு சங்கிலி இரண்டையும் மூக்கின் கீழ் குறுக்காக மாட்டுங்கள். இரண்டாவது பிணைப்பு சட்டப்படியே கட்டாயம். ட்ரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் மெல்லிய கம்பியைச் சங்கிலியிலோ பந்துத் தண்டிலோ மாட்டாமல், வானோடு நிரந்தரமாக இருக்கும் இரும்பில் தனியாக மாட்டுங்கள். மின்னிணைப்பு, ஒருவர் பின்னால் நின்று பார்க்க விளக்குச் சோதனை, ஜாக் முழுக்க மேலே, காஸ் பூட்டு, கூரைத் துவாரம் மூடல், கடைசியாகச் சக்கரக்கட்டையை எடுத்தல்.

டயர் குளிர்ந்திருக்கும்போது பக்கச்சுவரில் எழுதிய அழுத்தம் வரை அடியுங்கள். சக்கரத்தைக் கழற்றிப் பூட்டியிருந்தால் 80 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளைத் திரும்ப முறுக்குங்கள். பின்வீதி தெரியாவிட்டால் மேலதிகக் கண்ணாடி மாட்ட வேண்டும்.

8. வீதியில்

ட்ரெய்லர் டயர்கள் பல மணிக்கு 105 கிலோமீற்றருக்கே செய்யப்பட்டவை. 90 முதல் 95 வரை வலது ஓடையில் போங்கள். வீ6 வானில் எரிபொருள் 100 கிலோமீற்றருக்கு 14 முதல் 17 லீற்றர் வரை ஏறும். வெள்ளி பிற்பகல் 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகாதீர்கள், பாரிவரை நின்று நின்று போவது கியர்ப்பெட்டியைச் சூடாக்கும். முகாமில் இடம் கிடைப்பது 2 மணிக்கு. காலை 9 மணிக்கு ரொறன்ரோவை விட்டால் அல்கோன்குயின் பூங்காவுக்கு அளவாகச் சேரலாம்.

பெரிய லொறி கடக்கும்போதும் இறக்கத்திலும் ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் வானின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அக்ஸிலரேற்றரிலிருந்து காலை எடுத்து, கொன்ட்ரோலரின் கைப்பிடியை மெதுவாக அழுத்துங்கள். நின்றபின் சாமானை முன்னுக்கு நகர்த்துங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சக்கரத்தின் நடுக்குடத்துக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மற்றதைவிடக் கொதித்தால் பெயரிங் போகிறது என்று அர்த்தம்.

பின்னுக்கு எடுக்கும்போது கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் வையுங்கள். ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். சிறு ட்ரெய்லர் சட்டென்று மடியும். மடியத் தொடங்கினால் முன்னுக்கு எடுத்து நேராக்குவதே ஒரே வழி. ஞாயிறு காலை வெறுமையான தரிப்பிடத்தில் இரண்டு மணிநேரம் பழகுங்கள்.

9. முகாமில்

கழற்றுமுன் பக்கவாட்டில் சமப்படுத்தி, சக்கரக்கட்டை வைத்து, அதன்பிறகே கப்ளரைத் திறவுங்கள். மூலைக்கால்கள் ஆட்டத்தை நிறுத்த மட்டும், ட்ரெய்லரைத் தூக்க அல்ல. 30 அம்பியர் செருகி 3,600 வாட் தரும், 15 அம்பியர் மாற்றியில் போட்டால் அதன் பாதிதான். அப்போது ரைஸ் குக்கரும் கேத்திலும் ஒன்றாகப் போட்டால் முறிப்பான் விழும். கழுவிய தண்ணீரைத் தரையில் விடக்கூடாது, வாளியிலோ தொட்டியிலோ பிடித்து வெளியேற்று நிலையத்தில் ஊற்றுங்கள். குழம்புச் சட்டியை வெளியில் விட்டு உறங்காதீர்கள். அல்கோன்குயினில் கரடி உண்டு, கழுவாத சட்டியும் ஐஸ்பெட்டியும் இரவில் வானுக்குள் இருக்க வேண்டும்.

ஒக்ரோபரில் முதல் உறைபனிக்குமுன் குழாய்த் தண்ணீர் முழுக்க வடித்து, கடைகளில் விற்கும் இளஞ்சிவப்பு நிற நச்சற்ற உறைதடுப்புத் திரவத்தைக் குழாய்களிலும் தொட்டியின் வடிகுழாய் வளைவுகளிலும் ஊற்றுங்கள். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து மாதம் ஒருமுறை மின்னேற்றுங்கள்.